பாலமா, சுரங்கமா? கனடா தலைநகரின் 60 வருட லாரித் தலைவலி

கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் கிங் எட்வர்ட் அவென்யூ என்று ஒரு தெரு இருக்கிறது. நாடாளுமன்றத்திலிருந்து நடந்துபோகும் தூரம்தான். ஒரு காலத்தில் நடுவில் எல்ம் மரங்கள் வரிசையாக நின்ற அழகான அகலத் தெரு. இன்று அதில் ஒரு நாளைக்குச் சுமார் 2,600 லாரிகள் ஓடுகின்றன.

2,600 என்பது வெறும் எண்ணாகத் தெரியலாம். 24 மணி நேரத்துக்கும் சமமாகப் பிரித்தால்கூட 33 விநாடிக்கு ஒரு லாரி. ஆனால், நள்ளிரவில் ஓடுவது குறைவு, பகலில் ஓடுவது அதிகம். ஆகவே பகல் நேரத்தில் அந்தத் தெருவைக் கடக்க நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு லாரி இல்லாத நிமிஷம் என்று ஒன்று கிடைப்பதே அரிது.

இந்த லாரிகளை அங்கிருந்து எப்படி அப்புறப்படுத்துவது என்று ஊர் பல பத்தாண்டுகளாக யோசித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு பதில்கள் மாறி மாறி மேஜைக்கு வருகின்றன. ஒன்று, கிழக்கே தள்ளி ஆற்றின் மேல் புதிய பாலம். இன்னொன்று, ஊருக்கு அடியில் சுரங்கப்பாதை. இரண்டில் எது சரி என்ற கேள்வி பொறியாளர்களுக்கானது மாதிரி தோன்றும். உண்மையில் அது, யார் வீட்டு வாசலில் லாரி ஓடலாம் என்ற கேள்வி.

பாதியில் நின்ற சாலை

ஒட்டாவா ஆற்றின் தென்கரையில் ஒட்டாவா நகரம் இருக்கிறது. அது ஒன்டாரியோ மாகாணம். வடகரையில் கட்டினோ நகரம். அது கியூபெக் மாகாணம். பெரும்பாலும் ஒரு கரையில் ஆங்கிலம், மறுகரையில் பிரெஞ்சு. ஆனால், பிழைப்பு இரண்டு கரையிலும் கலந்தே நடக்கிறது. கட்டினோவில் குடியிருந்து ஒட்டாவா அலுவலகத்துக்கு வருகிறவர்கள் ஏராளம். எதிர்த்திசையில் போகிறவர்களும் உண்டு.

நகர மையத்தையொட்டி வாகனங்கள் ஆற்றைக் கடக்க ஐந்து பாலங்கள் இருக்கின்றன. ஐந்திருந்தும் கனரக லாரிகளுக்குப் பயன்படுவது பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். 1965-ல் திறந்த மெக்டொனால்ட்-கார்டியே பாலம். கனடாவை உருவாக்கிய இரண்டு தலைவர்களின் பெயர், ஒருவர் ஆங்கிலேயர் தரப்பு, ஒருவர் பிரெஞ்சுக்காரர் தரப்பு. மற்ற பாலங்களில் சில பழையவை, எடை தாங்காது. சில, லாரிக்கு ஒவ்வாத தெருக்களில் போய் இறங்குகின்றன.

மெக்டொனால்ட்-கார்டியே பாலத்தின் வடக்கு முனையில் கியூபெக்கின் நெடுஞ்சாலை நேராக வந்து சேர்கிறது. கோளாறு தெற்கு முனையில். அங்கிருந்து ஒன்டாரியோவின் 417-ஆம் எண் நெடுஞ்சாலை வரை நேர் சாலை கிடையாது. பாலத்தையும் நெடுஞ்சாலையையும் இணைக்க அந்தக் காலத்தில் யோசித்த விரைவுச்சாலை கைகூடவில்லை. குடியிருப்புகளை இடித்துப் போட வேண்டிய சாலை அது. ஆக, பாலம் வந்தது, சாலை வரவில்லை. நெடுஞ்சாலை வேகத்தில் வரும் லாரி திடீரென்று ஊர்த் தெருவுக்குள் விழுகிறது.

அப்புறம் அதன் பாடு திண்டாட்டம்தான். கிங் எட்வர்டில் நேராக வந்து, ரிடோ தெருவில் வலது பக்கம் திரும்பி, கொஞ்ச தூரத்திலேயே வாலர் தெருவில் இடது பக்கம் திரும்பி, நிக்கோலஸ் தெரு வழியாகப் போய் நெடுஞ்சாலையைப் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் ஒட்டாவா பல்கலைக்கழகம். இன்னொரு பக்கம் பெரிய வணிக வளாகமும் பைவர்ட் மார்க்கெட்டும். நடந்துபோகிறவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் நிறைந்த இடம்.

வட அமெரிக்காவில் வழக்கமான டிரெய்லர் ஒன்றின் நீளம் 53 அடி. இழுக்கும் வண்டி தனி. இவ்வளவு நீளமான வண்டி முனையில் திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் போன தடத்தில் போகாது. உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். டிரைவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் அந்தப் பக்கம் நிற்கும் சைக்கிள்காரர் அவர் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். இதில் லாரி டிரைவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் சட்டப்படி அனுமதித்த வழியில்தான் ஓட்டுகிறார். அவருக்கு வேறு வழியும் இல்லை.

கெட்டில் தீவின் மேல் ஒரு பாலம்

சரி, வேறு இடத்தில் பாலம் கட்டிவிடலாமே? ரொம்ப நாளாக எல்லோர் வாயிலும் வரும் முதல் பதில் இதுதான்.

தலைநகரின் திட்டங்களைக் கவனிக்கும் தேசியத் தலைநகர ஆணையம் பல வருடம் பல இடங்களை ஆராய்ந்தது. கடைசியில் தேர்ந்தது, இப்போதைய பாலத்திலிருந்து சில கிலோமீட்டர் கிழக்கே இருக்கும் கெட்டில் தீவு. கட்டினோ கரையில் புறப்பட்டு, தீவைக் கடந்து, ஒட்டாவா பக்கம் ஏவியேஷன் பார்க்வே என்ற சாலையில் இறங்கும் பாலம். அந்தச் சாலை நேராகப் போய் நெடுஞ்சாலையைத் தொடுகிறது. வரைபடத்தில் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான இடம் இருக்க முடியாது என்றுதான் தோன்றும்.

ஆனால், வரைபடத்தில் வீடுகள் தெரியாது. ஏவியேஷன் பார்க்வே, மரங்கள் சூழ்ந்த பூங்காச் சாலை. லாரிகளுக்கு அங்கே அனுமதியே இல்லை. பக்கத்தில் மேனர் பார்க் போன்ற அமைதியான குடியிருப்புகள். அருகிலேயே மாண்ட்ஃபோர்ட் மருத்துவமனை. ஒன்டாரியோவில் வாழும் பிரெஞ்சு மொழிக்காரர்களுக்கு இது வெறும் ஆஸ்பத்திரி இல்லை. 1997-ல் மாகாண அரசு இதை மூடப் பார்த்தபோது ஆயிரக்கணக்கானோர் திரண்டு எதிர்த்தார்கள். வழக்கு நீதிமன்றம் வரை போய், மருத்துவமனை தப்பித்தது. அப்படிக் காப்பாற்றிய மருத்துவமனையின் ஓரமாக லாரியை விடுகிறேன் என்றால் யார் சும்மா இருப்பார்கள்?

‘எங்கள் தெருவில் 60 வருடமாக ஓடுகிறதே, அப்போது நீங்கள் பேசினீர்களா?’ என்பது கிங் எட்வர்ட் பக்கத்து வாதம். ‘ஒரு தெருவின் தலைவலியை இன்னொரு தெருவுக்கு மாற்றுவது தீர்வா?’ என்பது மேனர் பார்க் பக்கத்து வாதம். நேர்மையாகப் பார்த்தால் இரண்டு பேர் சொல்வதும் நியாயம். இந்த விவகாரம் இத்தனை காலம் இழுத்ததற்குக் காரணமும் அதுவே.

2013-ல் ஒட்டாவா நகரசபையும் ஒன்டாரியோ மாகாண அரசும் கெட்டில் தீவுப் பாலத்துக்கு ஆதரவில்லை என்று கைவிரித்தன. பல வருட ஆய்வு பாலமாக மாறாமலே கோப்புக்குள் போனது.

குடியிருப்புக்காரர்களின் எதிர்ப்பு ஒருபுறம் இருக்கட்டும். பாலத்துக்கு எதிராக அதைவிட வலுவான கேள்வி ஒன்று உண்டு. புதிய பாலம் வந்தால் லாரிகள் அங்கே போகுமா?

கட்டினோவின் கிழக்குப் பகுதியிலிருந்து மாண்ட்ரியால் பக்கம் போகிற லாரிக்குப் புதிய பாலம் வரப்பிரசாதம். மேற்கே டொரன்டோ திசையில் போகிற லாரிக்கோ, ஒட்டாவாவின் மையத்தில் சரக்கு இறக்க வேண்டிய லாரிக்கோ அது சுற்று. டீசல் அவர் காசு, நேரம் அவர் காசு. பழைய வழி திறந்திருக்கும்வரை அவர் எதற்காகக் கிழக்கே போய்ச் சுற்றி வரப்போகிறார்? பாலம் கட்டியதும் அதை முதலில் நிரப்பப்போகிறவர்கள் கிழக்குப் புறநகரிலிருந்து ஆபீஸுக்குக் கார் ஓட்டுகிறவர்கள். அதுவும் ஊருக்குத் தேவையானதாகவே இருக்கலாம். ஆனால், அதை லாரிப் பிரச்னைக்கு மருந்து என்று சொல்லி விற்பதில் கொஞ்சம் கண்கட்டு இருக்கிறது.

பூமிக்கு அடியில் 3.4 கிலோமீட்டர்

பாலம் நின்றுபோனதும் பேச்சு சுரங்கத்தின் பக்கம் திரும்பியது. நகரசபையும் மாகாண அரசும் சேர்ந்து ஒரு சாத்தியக்கூறு ஆய்வு நடத்தின. 2016-ல் முடிவு வந்தது. மெக்டொனால்ட்-கார்டியே பாலத்தின் முனையிலேயே பூமிக்குள் இறங்கி, லோயர் டவுன், சாண்டி ஹில் குடியிருப்புகளுக்கு அடியில் போய், 417-ஆம் எண் நெடுஞ்சாலையில் வெளியே வரும் சுரங்கம். நீளம் சுமார் 3.4 கிலோமீட்டர். போகத் தனிக் குழாய், வரத் தனிக் குழாய். தொழில்நுட்ப ரீதியில் முடியும் என்றது ஆய்வு. செலவு 170 கோடி முதல் 200 கோடி கனடா டாலர். அதுவும் அன்றைய விலையில்.

1960-களில் மேலே போடாமல் விட்ட சாலையைக் கீழே போடும் யோசனை என்றே இதைச் சொல்லலாம். லாரி எங்கே ஊருக்குள் விழுகிறதோ அங்கேயே அதைப் பிடித்துக் கீழே இறக்கிவிடுகிறது. யார் வாசலுக்கும் புதிதாகத் தலைவலி போவதில்லை. கிங் எட்வர்ட் மக்களுக்கு இந்த யோசனை இனித்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால், ஆய்வின் எண்களை நிதானமாகப் படித்தால் வேறொரு கதை தெரிகிறது. சுரங்கத்தில் ஒரு நாளைக்கு 20,000 முதல் 25,000 வாகனங்கள் போகலாம் என்றது கணக்கு. அதில் லாரிகள் 1,700. அதாவது 2,600 லாரியில் மூன்றில் இரண்டு பங்கு கீழே போகும். மீதி 900 தெருவிலேயே ஓடும். மையத்தில் இருக்கும் ஹோட்டலுக்குக் காய்கறி இறக்குகிற லாரியையும், கட்டட வேலைக்கு ஜல்லி கொண்டுவருகிற லாரியையும் நெடுஞ்சாலைக்குப் போகிற சுரங்கத்தில் அனுப்ப முடியாதல்லவா?

இன்னொன்று. 25,000-ல் 1,700 என்பது 7 சதவீதம். லாரிக்காகத் தோண்டுகிறோம் என்று பேசிப் பேசித் தோண்டும் சுரங்கத்தில் 93 சதவீதம் கார்கள்தான் போகும்! கார்களும் கீழே போனால் மேலே தெரு காலியாகுமே என்று தோன்றலாம். காலியாகும். ஆனால், காலியாக இருக்காது. இடம் கிடைக்கிறது என்று தெரிந்ததும், இவ்வளவு நாள் நெரிசலுக்குப் பயந்து பஸ்ஸில் போனவரும் வேறு நேரத்தில் போனவரும் காரை எடுப்பார்கள். பெரிய நகரங்கள் பலவும் கண்ட அனுபவம் இது. சுரங்கம் திறக்கிற அன்றே மேலே இருக்கும் தெருவைக் குறுக்கி, நடைபாதைக்கும் மரத்துக்கும் இடம் எடுத்துக்கொண்டால்தான் தோண்டிய காசுக்குப் பலன். அந்த முடிவுக்குப் பொறியாளர் போதாது. அரசியல் துணிச்சல் வேண்டும்.

மண்ணும் தீயும்

ஒட்டாவாவுக்கு அடியில் இருக்கும் மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதி கடலாக இருந்தது. சாம்ப்ளேன் கடல் என்று பெயர். அது விட்டுப்போன படிவம்தான் லேடா களிமண். அசையாமல் இருக்கும்வரை கெட்டியாக இருக்கும். கலைந்தால் கூழ்போல ஓடும். எல்லா இடத்திலும் இது இல்லை, பல இடங்களில் நல்ல பாறை இருக்கிறது. பாறை எங்கே முடிகிறது, இளகிய மண் எங்கே தொடங்குகிறது என்பதில்தான் சூட்சுமம்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. சுரங்க ஆய்வு வெளியான அதே 2016-ல், ஜூன் மாதம், ரிடோ தெருவில் ஒரு காலைப் பொழுதில் சாலை அப்படியே உள்வாங்கியது. அப்போது அங்கே நகர ரயிலுக்கான சுரங்க வேலை நடந்துகொண்டிருந்தது. நிறுத்தியிருந்த வேன் ஒன்று பள்ளத்துக்குள் போனது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. லாரிகள் திரும்பும் அந்த முனைக்கு நடந்தே போகிற தூரத்தில் நடந்தது இது. ரயில் சுரங்கம் பிறகு நல்லபடியாக முடிந்து 2019-ல் ரயிலும் ஓடத் தொடங்கியது. முடியாத வேலை இல்லை என்பதற்கும் அது சாட்சி, எளிதான வேலை இல்லை என்பதற்கும் அதுவே சாட்சி.

அடுத்தது தீ. 1999 மார்ச் 24. பிரான்ஸையும் இத்தாலியையும் இணைக்கும் மோன் பிளாங்க் சுரங்கப்பாதைக்குள் ஒரு லாரி தீப்பிடித்தது. அதில் இருந்தது வெடிமருந்தோ பெட்ரோலோ இல்லை. மார்ஜரினும் மாவும். ரொட்டிக்குத் தடவுகிற மார்ஜரின்தான். உருகிய கொழுப்பு எரியத் தொடங்கியதும் அணைக்க வழியில்லாமல் போனது. 39 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சாலைச் சுரங்கங்களுக்கான பாதுகாப்பு விதிகள் ஐரோப்பாவில் மிகக் கடுமையாயின. தப்பிக்கும் வழி, புகையை உறிஞ்சும் விசிறி, 24 மணி நேரக் கண்காணிப்பு எல்லாம் கட்டாயம். பெட்ரோல், ரசாயன டேங்கர்களைப் பல சுரங்கங்களில் விடுவதே இல்லை.

ஆக, ஒட்டாவாவில் சுரங்கம் வந்தாலும் ஊர் எதைக் கண்டு ரொம்ப பயப்படுகிறதோ அந்த டேங்கர் லாரி மேலேயே ஓட நேரலாம். விசிறி, விளக்கு, காவல், மின்சாரம் என்று வருடா வருடம் ஆகும் செலவும் பாலத்தைவிட அதிகம். உறிஞ்சிய புகையை எங்கேயாவது வெளியே விட வேண்டுமே, அந்தப் புகைக்கூண்டு யார் வீட்டுப் பக்கம் என்று இன்னொரு சண்டை காத்திருக்கிறது.

டப்ளின் செய்தது

இதே சிக்கலை ஓரளவு தீர்த்த ஊர் அயர்லாந்தின் டப்ளின். அங்கே துறைமுகத்து லாரிகள் லிஃபி ஆற்றங்கரைச் சாலைகளை அடைத்துக்கொண்டிருந்தன. துறைமுகத்திலிருந்து வெளிவட்டச் சாலையை நோக்கி சுமார் 4.5 கிலோமீட்டர் சுரங்கம் தோண்டி, 2006 டிசம்பரில் திறந்தார்கள். அதோடு விடவில்லை. அடுத்த சில வாரங்களில், 2007 பிப்ரவரியில், ஐந்து அச்சும் அதற்கு மேலும் உள்ள பெரிய லாரிகள் காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை நகர மையத்துக்குள் நுழையத் தடை போட்டார்கள். உள்ளே சரக்கு இறக்க வேண்டியவர் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

கட்டணத்திலும் ஒரு சாமர்த்தியம். லாரிக்கும் பஸ்ஸுக்கும் சுரங்கத்தில் கட்டணம் இல்லை. காருக்கு உண்டு. நெரிசல் நேரத்தில் கையைச் சுடும் அளவுக்கு உண்டு. கார்கள் உள்ளே குவிந்து லாரிக்கு இடமில்லாமல் செய்துவிடக் கூடாது என்பதற்காக. ஆற்றங்கரைச் சாலைகளில் பெரிய லாரிகள் வெகுவாகக் குறைந்தன.

அங்கேயும் சறுக்கல் இல்லாமல் இல்லை. மிக உயரமான சில லாரிகள் சுரங்கத்துக்குள் நுழையாது என்பது கட்டிக்கொண்டிருக்கும்போதே பெரும் சர்ச்சையானது. பிறகு நாடு முழுவதற்குமே லாரி உயரத்துக்கு 4.65 மீட்டர் என்று வரம்பு வைத்தார்கள். அதோடு டப்ளினுக்கு ஒரு வசதி இருந்தது. அந்த லாரிகள் எல்லாம் புறப்படுகிற வாசல் ஒன்று, துறைமுகம். ஒட்டாவாவில் அப்படி ஒற்றை வாசல் இல்லை. மரம், ஜல்லி, மளிகை, எரிபொருள் என்று இரண்டு கரையிலும் பல இடங்களில் புறப்பட்டுப் பல இடங்களுக்குப் போகின்றன.

ஆனாலும், டப்ளின் கணக்கில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. லாரியை வெளியே அனுப்பியது சுரங்கம் மட்டும் இல்லை, அந்தத் தடையும்தான். புதிய வழி கட்டிவிட்டுப் பழைய வழியைத் திறந்தே வைத்திருந்தால், பாலமானாலும் சரி, சுரங்கமானாலும் சரி, லாரிக்காரர் தனக்கு எது கிட்டமோ அதில்தான் போவார். ஒட்டாவாவில் பாலம் வேண்டும் என்கிறவர்களும் சுரங்கம் வேண்டும் என்கிறவர்களும் இடத்தையும் செலவையும் பற்றிப் பேசிய அளவுக்கு இந்தத் தடையைப் பற்றிப் பேசவில்லை. யார் அதைப் போட வேண்டும் என்பதே சிக்கல். பாலம் கூட்டாட்சி அரசுடையது. தெரு நகரசபையுடையது. நெடுஞ்சாலை ஒன்டாரியோவுடையது. எதிர்க்கரைச் சாலை கியூபெக்குடையது. நாலு பேர் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரே நாளில் தலையாட்ட வேண்டும்.

செலவு, புறநகர் வளர்ச்சி எல்லாம் சேர்த்துப் பார்த்தால் கிழக்கே ஒரு பாலம் என்றைக்காவது வந்தே தீரும். அண்மை ஆண்டுகளில் கூட்டாட்சி அரசின் பார்வையும் கிழக்குப் பாலத்தின் பக்கம் திரும்பியிருக்கிறது. ஆனால், கிங் எட்வர்ட் தெருவின் லாரியை மட்டும் வைத்து எடைபோட்டால் தட்டு சுரங்கத்தின் பக்கமே சாய்கிறது. லாரி இருக்கிற இடத்தில் கைவைப்பது அது ஒன்றுதான். மூன்றில் ஒரு பங்கு மேலே மிஞ்சினாலும் சரி. அந்த விலையைக் கொடுக்க ஆள் இல்லை என்பது வேறு விஷயம்.

இதற்கிடையில் பக்கத்திலேயே இன்னொரு வேலை நெருங்கிவருகிறது. 1901-ல் திறந்த அலெக்சாண்ட்ரா இரும்புப் பாலம் ஆயுள் முடியும் கட்டத்தில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டும் வேலையை 2028 வாக்கில் தொடங்கி 2032-ல் முடிப்பதாகத் திட்டம். அதில் லாரிகள் போவதில்லை, கார்கள்தான். அந்தப் பாலம் மூடியிருக்கும் வருடங்களில் அதன் கார்கள் மற்ற பாலங்களைத் தேடிப் போக வேண்டும். அவற்றில் மிகக் கிட்டத்தில் இருப்பது மெக்டொனால்ட்-கார்டியே பாலம். அது இறங்கும் இடம் கிங் எட்வர்ட் அவென்யூ.